தண்ணி ஊத்தாம இருக்கற வேல

எனக்குக் குடுத்த வேல ஒண்ணே ஒண்ணுதானுங்க. மாடில இருக்கற நாப்பது தொட்டிக்கும் புதன்கிழம பொழுது சாயற வரைக்கும் தண்ணி ஊத்தாம இருக்கணும்.

அவ்ளோதான். செய்யறதுக்கு ஒண்ணுமே கெடயாது. சும்மா இருந்தாப் போதும். அந்த வேலையையும் சொதப்புன ஆளு நாமக்கல் ஜில்லாவுலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

மொதல்ல வெவரத்தச் சொல்லிடறேன். சேந்தமங்கலம் போற வழில எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ண இருக்குது. பண்ணைக்குள்ளயே ஊடு. நான் கோழி, தீனி, முட்ட லாரின்னு சுத்தற ஆளு. எங்கூட்டுக்காரி சாந்தாமணிக்கு செடின்னா உசுரு. அதுலயும் ரெயின் லில்லின்னு ஒரு செடி. பாக்கறதுக்கு வெங்காயத்தாள் மாதிரித்தான் இருக்கும். வருசம் பூரா அப்படியே நின்னுட்டு இருந்து, கோட மழ பேஞ்சா நாலாம் நாளு ரோஸ் கலருல பூ எடுத்து நிக்கும்.

மழ எப்பப் பேயும்னு யாருக்குத் தெரியும்? அதனால பூ எப்ப வரும்னும் யாருக்கும் தெரியாது. ஊரு ஒலகம் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்துச்சு. எங்கூட்டுக்காரி மட்டும் அப்படி நெனைக்கல.

மாடில தகரம் போட்டு, மழத்தண்ணி ஒரு சொட்டு உள்ள வராத மாதிரி பண்ணி, நாப்பது தொட்டியவும் அதுக்கடியில வெச்சா. சித்திர பொறந்ததும் தண்ணிய நிறுத்திருவா. மூணு வாரம், நாலு வாரம் காயப் போடுவா. அப்பறம் ஒரு நாளு தொட்டி ரொம்பத் தண்ணி ஊத்துவா. நாலாம் நாளு அத்தனையும் ஒண்ணாப் பூக்கும். ரெண்டு வருசமா இதச் செஞ்சு பாத்து காலண்டர்ல குறிச்சு வெச்சிருக்கா. இத்தனையும் என் தலைக்கு மேலதான் நடந்துட்டு இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் கோழிக்கு அடியில நின்னு எத்தன முட்ட உருளுதுன்னு பாத்துட்டு இருந்தேன்.

அவ மாடித்தோட்டம்னு ஒரு வாட்ஸப் குரூப்புல இருக்கா. சேலம், ராசிபுரம், திருச்செங்கோடுன்னு எல்லாப் பக்கத்துப் பொம்பளைங்களும் அதுல இருக்காங்க. இவ அதுல போயி, நான் சொல்ற தேதிக்கு என் செடி பூக்கும்னு ஒரு நாளு எழுதிட்டா. உடனே ரிட்டயர் ஆன டீச்சரம்மா ஒருத்தங்க, "செடி என்ன டைமுக்கு வர்ற பஸ்ஸாம்மா?"ன்னு போட்டாங்க. அதுக்குக் கீழ பதினோரு பேரு சிரிச்சாங்க. அவ ஃபோன வாங்கி நான் எண்ணிப் பாத்தேன்.

சாந்தா அன்னைக்கு அடுப்புல பால வெச்சுட்டு, ஒத்த வெரல்ல அர மணி நேரம் டைப் பண்ணா. பால் பொங்கி அடுப்பே அணஞ்சு போச்சு. அவ எழுதுனது இதுதான். அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம எல்லாரும் எங்கூட்டுக்கு வாங்க. நாப்பது தொட்டியும் அன்னைக்குப் பூத்திருக்கும்.

பதினெட்டுப் பேரு வாரோம்னுட்டாங்க. டீச்சரம்மா மொத ஆளு.

நீங்க ஒண்ணு நெனச்சுப் பாக்கணும். கண்ணாலமாகி இருவத்தாறு வருசம். எங்கூட்டுக்கு வர்றவங்க எல்லாம் கோழியப் பாக்க வருவாங்க, இல்ல முட்டையப் பத்திப் பேச வருவாங்க. அவ காப்பி கொண்டாந்து வெச்சுட்டு உள்ள போயிருவா. மொத தடவையா அவ செஞ்ச ஒண்ணப் பாக்கறதுக்கு ஆளு வருது. அதுவும் பொய்யா நெசமான்னு பாக்க வருது.

இந்த நேரம் பாத்து கோயமுத்தூர்ல மக ஊடு மாத்தறா. போயே ஆகணும். வெள்ளிக்கெழம கெளம்பறப்ப பையத் தோள்ல மாட்டிட்டு எங்கிட்ட நின்னு நிதானமாச் சொன்னா.

"ஏனுங்க, புதன்கிழம பொழுதோட தொட்டி ரொம்பத் தண்ணி ஊத்துங்க. அதுக்கு முன்னாடி ஒரு சொட்டுக் கூடாது. நான் சனிக்கெழம வந்துருவேன்."

"செரி."

"என்ன சொன்னேன்?"

"புதன்கிழம. அதுக்கு முன்னாடி ஒரு சொட்டுக் கூடாது."

நல்லாத்தான் கேட்டேன். காது நல்லாத்தான் இருக்குது. கெட்டுப் போனது காதில்லீங்க, அதுக்கு மேல இருக்கறது.

மறுநாளு சனிக்கெழம காலைல தண்ணி டேங்க்கப் பாக்க மாடிக்குப் போனேன். அங்க தொட்டிங்களப் பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. மண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குது. எலையெல்லாம் மஞ்சளாகிக் கீழ படுத்துருச்சு. ஏழெட்டுத் தொட்டில எலையே இல்ல.

இவளுக்குப் பைத்தியமான்னு நெனச்சேன். இப்பிடிப் பட்டினி போட்டா எந்த உசுரு பலன் குடுக்கும்? இருவத்தாறு வருசமா கோழி வளக்கறேன். உற்பத்தி வேணும்னா தீனி போடணும், தண்ணி காட்டணும், வெளிச்சம் குடுக்கணும். இந்தச் சின்ன விசயம் இவளுக்குத் தெரியாமப் போச்சேன்னு எனக்கு ஒரு பரிதாபம் வேற.

அப்பறம் எனக்கொரு ரோசன வந்துச்சு. எனக்கு ரோசன வந்தா அந்தப் பக்கமே யாரும் வரக்கூடாது, அது வேற கத.

நாம கவனிப்போம். அவ புதன்கிழம ஆரம்பிக்கச் சொன்னத நாம சனிக்கெழமயே ஆரம்பிச்சுருவோம். நாலு நாளு முன்னாடியே பூ எடுத்துரும். ஞாயித்துக்கெழம ஆளுங்க வர்றப்ப தொட்டிக்குப் பத்துப் பூ நிக்கும். வந்து பாத்து அசந்து போகட்டும்.

இதுல எங்க தப்புன்னு உங்களுக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியல. ஏன்னா நான் கோழிக்காரன். ஒரு கோழி முட்ட போட ஆரம்பிச்சுதுன்னா வருசத்துக்கு மேல நிக்காமப் போடும். இன்னைக்குப் போட்டுட்டு நாளைக்கு மூட்டயக் கட்டற சோலியெல்லாம் அதுகிட்டக் கெடயாது. பூவும் அப்படித்தான்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். யாருகிட்டயும் ஒரு வார்த்த கேக்கல.

ஓஸப் போட்டு நாப்பது தொட்டிக்கும் வழிய வழியத் தண்ணி உட்டேன். வெறுந்தண்ணி இல்லீங்க. வெயில் காலத்துல கோழிக்குக் கலக்கற குளுகோஸ் பவுடரு, வைட்டமின் எல்லாம் கலந்து உட்டேன். தொட்டிக்கு ஒரு கைப்பிடி கிளிஞ்சல் போட்டேன். கிளிஞ்சல் எதுக்குன்னு கேக்காதீங்க. கோழிக்கு ஓடு கெட்டியாகறதுக்குப் போடறது. செடிக்கு எந்த ஓடு கெட்டியாகணும்னு நான் அன்னைக்கு எங்கிட்டயே கேக்கல.

அதோட உட்டனா? தீவனக் கம்பெனில வேல பாக்கற தனபாலுக்கு ஃபோன் பண்ணேன். கோழிக்குச் சளி புடிச்சாலும் அவன்தான், எனக்குச் சளி புடிச்சாலும் அவன்தான் மருந்து சொல்லுவான். படிச்சது பி.காம்.

"எல மஞ்சளா இருக்குதா?"ன்னான்.

"ஆமா."

"எத்தன வாரம் வயசு?"

"யாருக்கு?"

"செடிக்குத்தான்."

எனக்குத் தெரியலேன்னேன். வயசு தெரியாம வளக்கறியான்னு திட்டிட்டு, வெளிச்சம் பத்தல, பதினாறு மணி நேரம் குடுன்னான். முட்ட போடற லேயர் கோழிக்கு அதான் கணக்கு. நான் போயி மாடித் தகரத்துக்கடியில ரெண்டு பல்பு மாட்டி டைமரும் வெச்சுட்டு வந்தேன்.

கொறச் சொல்லக் கூடாது. திங்கக்கெழம தொட்டிக்கு நாலஞ்சு, தீக்குச்சி மாதிரி செவப்பா மொட்டு எட்டிப் பாத்துச்சு. அன்னைக்குப் பூரா எனக்குத் தரையில கால் படல. செடிக்கு வேண்டியது தண்ணி. குடுத்தேன், மொட்டு வந்துச்சு. நான் என்னமோ ஒலகத்துக்கே புதுசாக் கண்டுபுடிச்ச மாதிரி கோழி தண்ணி குடிக்கற நிப்பிள் பைப்பக் கழுவிக்கிட்டே பாட்டுப் பாடுனேன்.

பண்ணையில முட்ட பொறுக்கற பாவாயக்கா அன்னைக்கு டேங்க் கழுவ மாடிக்கு வந்துச்சு. எனக்கு மூத்தது. நாங்க பண்ண ஆரம்பிச்ச நாள்ல இருந்து இருக்குது. தொட்டியப் பாத்துச்சு, பல்பப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு.

"ஏனுங்க சாமி, அம்மிணி புதன்கிழமதானுங்க தண்ணி உடச் சொல்லுச்சு."

"நாலு நாளு முன்னாடி பூத்தா நல்லதுதான பாவாயக்கா?"

அந்தம்மா வெளக்குமாத்த எடுத்துக்கிட்டு டேங்க்குப் பக்கம் போயிருச்சு. போறப்ப "நல்லதுதானுங்க"ன்னு சொல்லுச்சு. அந்த 'நல்லது' எப்படி இருந்துச்சுன்னா, ஆஸ்பத்திரில டாக்டர் ரிப்போர்ட்டப் பாத்துட்டு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லுவாரே, அப்படி இருந்துச்சு. அப்பயாவது எனக்கு ஒறச்சிருக்கணும்.

இந்தப் பாவாயக்கா பத்தி இன்னொண்ணு சொல்லணும். சாந்தா வருசா வருசம் தொட்டியக் கொட்டி, லில்லிக் கெழங்கப் பிரிச்சு, மிச்சமான கெழங்க வீசிருவா. இந்தம்மாவுக்கு மனசு வராது. அதையெல்லாம் பொறுக்கிட்டுப் போயி, கோழி எருவு கொட்டி வெக்கற கெடங்குக்குப் பின்னால வேலி ஓரமா ஊனி வெச்சுரும். அந்தப் பக்கம் மனுசன் போக மாட்டான். நாத்தம் அப்படி. தண்ணி ஊத்தறதுக்கும் ஆளு கெடயாது.

புதன்கிழம விடிஞ்சுது. மாடிக்குப் போனேன்.

நெசமாச் சொல்றேங்க, அப்படியே நின்னுட்டேன். நாப்பது தொட்டியும் பூத்திருக்குது. எலையே தெரியல. பூவா நிக்குது, எல்லாம் ஒரே ஒசரத்துல, ஒரே நெறத்துல. இத்தன வருசம் இதுக்குக் கீழதான் படுத்துத் தூங்கியிருக்கேன், ஒரு நாளு மேல வந்து பாத்ததில்ல. சும்மா ஒரு பத்து நிமிசம் பாத்துட்டு இருந்தேன்.

அப்படியே கீழ எறங்கி வந்திருந்தாக்கூட மானம் மிஞ்சியிருக்கும். நான் செல்ஃபோன எடுத்தேன். பூவோட நானும் நின்னு ஒரு படம் எடுத்து ஸ்டேட்டஸ்ல வெச்சேன். "நம்ம கைவண்ணம்"னு கீழ எழுதுனேன்.

என் நம்பரு பாதிப் பேருகிட்ட இருக்குது. பண்ணைக்கு வழி கேக்கறதுக்கு சாந்தாதான் என் நம்பர குரூப்புல குடுத்து வெச்சிருந்தா.

பத்து நிமிசத்துல டீச்சரம்மா என் ஸ்டேட்டஸப் படம் புடிச்சுக் குரூப்புல போட்டுட்டாங்க. "தேதிய மாத்தியாச்சுங்களா? ஞாயிறுன்னு சொன்னதா ஞாபகம்"ன்னு எழுதி, ரெண்டு கையும் கும்புடற பொம்ம ஒண்ணு.

அடுத்த நிமிசம் கோயமுத்தூர்ல இருந்து ஃபோன் வந்துச்சு.

"என்னைக்குத் தண்ணி ஊத்துனீங்க?"

"சனிக்கெழம. ஆனா சாந்தா, நீ வந்து பாரு, எப்படிப் பூத்திருக்குதுன்னு..."

"அது ஒரு நாளு பூவுங்க. நாளைக்கு வதங்கிரும்."

"அப்ப ஞாயித்துக்கெழம?"

"ஞாயித்துக்கெழம அந்தத் தொட்டில நீங்க போயி நில்லுங்க."

கத்தல. அவ கத்தியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். அமைதியாச் சொல்லிட்டு வெச்சுட்டா.

செரி, ஆனது ஆச்சு. பூத்தத நிறுத்தி வெக்க முடியாதான்னு ரோசன பண்ணேன். மறுபடியும் ரோசன! எங்க பண்ணையில முட்ட கெடாம இருக்க ஏசி போட்ட ரூம் ஒண்ணு இருக்குது. முட்ட கெடாம இருக்குதுன்னா பூ மட்டும் கெடவா போவுது?

ரூமுல இருந்த முட்ட அட்டயெல்லாம் தூக்கி வராண்டாவுல அடுக்குனேன். மாடில இருந்து தொட்டி ஒவ்வொண்ணாக் கட்டிப் புடிச்சுக் கீழ எறக்கி உள்ள வெச்சேன். நாப்பது தொட்டி. இருவத்திரெண்டு படி. எனக்கு வயசு அம்பத்திமூணு.

பாவாயக்கா வராண்டாவுல நின்னு பாத்துட்டு, "முட்டைய வெளிய வெச்சுட்டுச் செடிய உள்ள வெக்கறீங்களா சாமி?"ன்னு ஒரு தடவ கேட்டுச்சு. ஆமான்னேன். மூஞ்சிய முந்தானைல மூடிக்கிட்டுப் போயிருச்சு. சிரிச்சுதா அழுதுதான்னு தெரியல. என்னையப் பாத்து யாரு அழப் போறாங்க?

இருவத்தெட்டாவது தொட்டி எறக்கறப்ப கொல்லிமலப் பக்கம் கறுத்துச்சு. நாலே முக்கால் மணிக்குப் புடிச்சுது பாருங்க மழ. அந்த வருசத்து மொத மழ. ஒரு மணி நேரம் வெளுத்துக் கட்டிருச்சு. ஊரே சந்தோசப்பட்டுச்சு. நான் மட்டும் பூவு மேல சொட்டு விழாம முட்ட அட்டையத் தலைக்கு மேல புடிச்சுக்கிட்டு, வானத்தப் பாத்துத் திட்டிக்கிட்டே மிச்சத் தொட்டியவும் எறக்குனேன். ரெண்டு தடவ படில வழுக்குனேன். தொட்டிக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் இடுப்புப் புடிச்சுக்கிச்சு.

வியாழக்கெழம காலைல ஏசி ரூமத் தொறந்தேன். அத்தன பூவும் மூடித் தலையத் தொங்கப் போட்டுருக்குது. குளுருல தூங்குதுன்னு நெனச்சேன். வெயில் பட்டா முழிச்சுக்கும்னு நாப்பதையும் வாசலுக்குத் தூக்கிட்டு வந்து வெச்சேன். பத்து மணிக்கெல்லாம் ஈரத்துணியப் புழிஞ்சு போட்ட மாதிரி சுருண்டு போச்சு. அதுக்கப்பறம் அது பூவுன்னு சொன்னா பூவே கோவிச்சுக்கும்.

மறுபடியும் தனபாலுக்கு ஃபோன் பண்ணேன். வெக்கங்கெட்டவன் நான், வேற யாருக்குப் பண்ணுவேன்?

"ஸ்ட்ரெஸ்ஸு"ன்னான். எதுக்கெடுத்தாலும் அதச் சொல்லுவான். "பேசாம மோல்ட்டிங் பண்ணிரு. தீனி தண்ணிய நிறுத்திக் காயப் போடு. எல கொட்டட்டும். அப்பறம் ஒரு நாளு நல்லாத் தண்ணியக் காட்டு. திரும்ப உற்பத்திக்கு வந்துரும்."

நான் ஃபோனக் காதுல வெச்சபடியே படில உக்காந்துட்டேன்.

வெவரம் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். கோழிக்கு வயசாகி முட்ட கொறஞ்சு போச்சுன்னா அந்தக் காலத்துல நாங்க மோல்ட்டிங் பண்ணுவோம். கொஞ்ச நாளைக்குத் தீனிய நிறுத்திருவோம். எறகெல்லாம் கொட்டிப் போயிரும். அப்பறம் தீனியக் காட்டுனா எல்லாக் கோழியும் ஒண்ணா முட்டைக்கு வந்து நிக்கும். அது பாவம், இனிமே செய்யக் கூடாதுன்னு சொல்லி இப்ப உட்டுட்டோம். ஆனா பதினஞ்சு வருசம் இந்தக் கையாலயே பண்ணியிருக்கேன். எத்தன நாளு காயப் போடணும், என்னைக்குத் தீனி வெச்சா என்னைக்கு முட்ட வரும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

சாந்தா மாடில பண்ணிட்டு இருந்தது அதேதான். எங்கிட்ட இருந்து பாத்துத்தான் கத்துக்கிட்டாளோ என்னமோ. எனக்குத்தான் அத எங்க பண்ணைலயே, என் தலைக்கு மேல பாத்தப்ப அடையாளம் தெரியல. பொண்டாட்டி செஞ்சா அது பைத்தியக்காரத்தனம், நான் செஞ்சா தொழிலு. அப்படித்தான எனக்குப் புத்தி போயிருக்குது? தனபாலு மாதிரி ஒரு மடையன் சொல்லித்தான் எனக்கு அது தெரியணும்னு இருந்திருக்குது.

"எத்தன நாளாகும் தனபாலு?"

"என்ன, ஒரு மாசம் ஆகும்."

இருந்தது மூணு நாளு.

சனிக்கெழம மத்தியானம் சாந்தா வந்து எறங்குனா. பைய வெச்சுட்டு நேரா வாசல்ல இருந்த தொட்டிகிட்டப் போனா. குனிஞ்சு ஒரு கெழங்கத் தொட்டுப் பாத்தா. மண்ணுல கெடந்த கிளிஞ்சல் ஒண்ண எடுத்துப் பாத்தா. எங்கிட்டக் காட்டுனா. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

வர வேண்டாம்னு சொல்லிடலாம், எனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம்னு சொன்னேன். அதுல பாதி நெசம்தான், இடுப்பு நிமிர முடியல.

"வாரேன்னு சொன்னவங்க வரட்டும்"ன்னா. "நீங்களே அவங்ககிட்டச் சொல்லுங்க."

அன்னைக்கு அவ செரியாச் சாப்புடல. எனக்கு ரொம்ப வெசனமாப் போச்சு. திட்டுனாத் தேவலாம்னு ரெண்டு தடவ சமையக்கட்டுப் பக்கம் போயி நின்னு பாத்தேன். கருவேப்பலைய உருவிக்கிட்டே இருந்தா, திரும்பல.

ஞாயித்துக்கெழம ஒம்பது மணிக்கு வேன் வந்து நின்னுச்சு. பதினெட்டுப் பேரு. எல்லாரும் நல்ல சேல. டீச்சரம்மா மொதல்ல எறங்குனாங்க. கையில ஒரு கொட. சுத்தி ஒரு பார்வ பாத்துட்டு, வாசல்ல மொட்டையா நின்ன தொட்டிங்களப் பாத்ததும் அவங்க மூஞ்சில ஒரு வெளிச்சம் வந்துச்சு. என் டைமரு பல்புகூட அவ்ளோ வெளிச்சம் குடுக்கல.

"பஸ்ஸு முன்னாடியே போயிருச்சுங்களாம்மா?"ன்னாங்க.

பின்னால நாலஞ்சு பேரு சிரிச்சாங்க. சாந்தா காப்பித் தட்டோட நின்னுட்டு இருந்தா. தட்டக் கீழ வெச்சுட்டு உள்ள போகத் திரும்புனா. அதப் பாத்ததும் என்னால தாங்க முடியல.

முன்னால வந்து நின்னேன். தப்பு அவ மேல இல்லீங்க, எம்மேலதான்னேன். சனிக்கெழம தண்ணி ஊத்துனது, குளுகோஸ் கலந்தது, பல்பு மாட்டுனது, முட்ட ரூமுல வெச்சது எல்லாம் சொன்னேன். கிளிஞ்சல் போட்டதச் சொன்னப்ப ஒருத்தங்க காப்பி பொரையேறிக்கிச்சு. அவ சொன்னபடி புதன்கிழம ஊத்தியிருந்தா இன்னைக்குப் பூத்திருக்கும்னு சொல்லி முடிச்சேன்.

"அது எப்படிங்க நாங்க நம்பறது?"ன்னு டீச்சரம்மா கேட்டாங்க. கேள்வி நாயம்தான்.

அப்பத்தான் பாவாயக்கா முட்டக் கூடையோட வந்துச்சு. இத்தன பேரு நிக்கறதப் பத்தி அதுக்கு ஒரு கூச்சமும் இல்ல. நேரா சாந்தாகிட்ட வந்துச்சு.

"அம்மிணி, எருக்கெடங்குக்குப் பின்னால வந்து பாரு சாமி."

"என்னக்கா?"

"வந்து பாரேன்."

சாந்தா போனா. பின்னாலயே பதினெட்டுப் பட்டுச்சேலையும் மூக்கப் பொத்திக்கிட்டுப் போச்சு. இடுப்பப் புடிச்சுக்கிட்டு கடைசியா நானும் போனேன்.

வேலி ஓரம், இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ரோஸ் கலரு. எருவுல கெடந்த கெழங்கு இல்லீங்களா, ஒவ்வொரு பூவும் மாடில பூத்ததப் போல ரெண்டு பங்கு. ஈ மொய்க்குது, நாத்தம் கொடலப் புடுங்குது, ஒருத்தரும் அந்த எடத்த உட்டு நகரல. மூக்குல ஒரு கை, செல்ஃபோன்ல ஒரு கைன்னு அத்தன பேரும் படம் எடுக்கறாங்க.

எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு. புதன்கிழம நாலே முக்கால். நான் வானத்தப் பாத்துத் திட்டுன மழ. நான் செய்ய வேண்டிய வேலைய, சொன்ன கெழமைல, சொன்ன நேரத்துல அது வந்து செஞ்சுட்டுப் போயிருக்குது.

டீச்சரம்மா முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டே குனிஞ்சு பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க.

"இதுக்கு என்னைக்கும்மா தண்ணி கெடச்சுது?"

"புதன்கிழம பொழுதோடங்க"ன்னா சாந்தா. "அன்னைக்குப் பேஞ்ச மழதான். வேற ஒரு சொட்டு யாரும் ஊத்தல. புதன்கிழம நனஞ்சா ஞாயித்துக்கெழம பூக்கும். நான் சொன்னது அவ்ளோதானுங்க."

டீச்சரம்மா வெரல் உட்டு எண்ணிப் பாத்தாங்க. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. ரெண்டாந்தடவையும் எண்ணுனாங்க. அப்பறம் கொடைய மடக்கி அக்குள்ல வெச்சுக்கிட்டு, "எனக்கு ஒரு பத்துக் கெழங்கு குடுப்பியாம்மா?"ன்னு கேட்டாங்க.

சாந்தா சிரிச்சா. கோயமுத்தூர்ல இருந்து வந்ததுக்கப்பறம் அப்பத்தான் சிரிச்சா. நான் அதுக்கு நடுவுல போயி, எருக்கெடங்க அந்தப் பக்கமா வெக்கச் சொன்னதே நான்தானேன்னு சொல்லலாம்னு வாயெடுத்தேன். அவ திரும்பி ஒரு பார்வ பாத்தா. வாய மூடிக்கிட்டேன். அந்த வாரம் பூரா நான் செரியாச் செஞ்ச வேல அது ஒண்ணுதான்.

இந்த வருசமும் மக ஊட்டுக்குப் போயிருக்கா. கெளம்பறப்ப பையத் தோள்ல மாட்டிட்டு நின்னா. நான் ரெடியா நின்னேன். என்னையத் தாண்டிப் போயி, தொட்டிக்குத் தண்ணி ஊத்தாம இருக்கற பொறுப்பப் பாவாயக்காகிட்டக் குடுத்துட்டா.